எழுதித் தீர்த்த கடன்

ஆங்கில இலக்கியம் பயிலும் நம்மில் பலருக்கு ஸர் வால்ட்டர் ஸ்காட் என்றதும் ‘ஐவன்ஹோ’ நினைவுக்கு வரும். கவசம் பூண்ட வீரர்களும் கோட்டை கொத்தளங்களும் கண்முன் தோன்றும். வரலாற்று நாவலின் தந்தை என்று தேர்வுத் தாளில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவோம். ஆனால் அவர் எழுதிய கதைகள் அனைத்தையும்விட உருக்கமான கதை ஒன்று உண்டு. அது அவர் கடன்பட்ட கதை. அந்தக் கடனைத் தீர்ப்பதற்காகத் தம் கடைசி ஆறரை ஆண்டுகளும் எழுதி எழுதியே தேய்ந்த கதை. அதையே இங்கே சொல்ல விழைகிறேன்.

ஸ்காட் 1771ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் பிறந்தார். தந்தையார் சட்டத் தொழில் புரிந்தவர். ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கிக் குழந்தையின் வலக்கால் ஊனமாயிற்று. நல்ல காற்றுக்காகப் பாட்டனாரின் பண்ணைக்கு அனுப்பினார்கள். அங்கே எல்லைப்புற வீரர்களைப் பற்றிய கதைப்பாடல்களைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தார். 1792இல் வழக்கறிஞரானார். இளமையில் வில்லியமினா என்னும் பெண்ணை உளமார விரும்பினார். அவளோ வங்கி நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபோர்ப்ஸ் என்பவரை 1797இல் மணந்துகொண்டாள். அதே ஆண்டின் இறுதியில் ஸ்காட் சார்லட் என்னும் நங்கையை மணந்தார். ஃபோர்ப்ஸ் என்ற பெயரை வாசகர்கள் சற்றே நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். அவர் மீண்டும் வருவார்.

1799இல் செல்கர்க் வட்டாரத்தின் ஷெரீஃப் பதவி கிடைத்தது. ஆண்டுக்கு 300 பவுன் ஊதியம். பின்னர் எடின்பரோ உயர்நீதிமன்றத்தில் தலைமை எழுத்தர்களுள் ஒருவரானார். அதற்கு ஆண்டுக்கு 1,300 பவுன் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் செழிப்பாக வாழ இது தாராளமாகப் போதும். இதற்குமேல் கவிதையால் வந்த பணம் வேறு. ‘மார்மியன்’ என்னும் காவியம் எழுதி முடிக்கப்படுவதற்கு முன்னரே பதிப்பாளர் கான்ஸ்டபிள் அதற்கு ஆயிரம் கினி கொடுத்தார். 1814இல் ‘வேவர்லி’ என்ற நாவல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அதன்பின் ஆண்டுதோறும் ஒன்று, சில ஆண்டுகளில் இரண்டு மூன்று என நாவல்கள் வந்தவண்ணம் இருந்தன. எழுதியவர் யார் என்று நாடே கேட்டது. ஸ்காட் வாய் திறக்கவில்லை.

மறைத்து வைப்பதில் அவருக்கு ஒரு தனி மகிழ்ச்சி இருந்தது போலும்! அவர் மறைத்தது அது ஒன்று மட்டுமன்று. பள்ளித் தோழரான ஜேம்ஸ் பாலன்டைன் எடின்பரோவில் அச்சகம் நடத்தி வந்தார். 1805இல் ஸ்காட் அதில் பணம் போட்டு மறைமுகக் கூட்டாளியானார். நீதிமன்றத்தில் பதவி வகிப்பவர் அச்சுத் தொழிலில் இறங்கினார் என்றால் மதிப்புக் குறைவு. ஆகவே ஊருக்குத் தெரியாது. ஆனால் சட்டத்தின் கண்ணில் மறைவான கூட்டாளியும் கூட்டாளிதான். அச்சகம் வாங்கிய கடன் ஒவ்வொரு காசுக்கும் அவரும் பொறுப்பு. சட்டம் படித்த ஸ்காட்டுக்கு இது தெரியாததன்று. தெரிந்தும் செய்தார்.

இன்னொரு பலவீனம் மண்ணாசை. 1811இல் ட்வீட் ஆற்றங்கரையில் ஒரு சிறு பண்ணையை வாங்கி அதற்கு அபட்ஸ்ஃபர்ட் என்று பெயரிட்டார். குடிசை கட்டப் போவதாகச் சொன்னவர் கோபுரங்களோடு மாளிகை எழுப்பினார். பக்கத்து நிலம், அதற்குப் பக்கத்து நிலம் என்று வளைத்துக்கொண்டே போனார். விற்பவர்கள் விலையை ஏற்றிக் கேட்டனர், அவர் கொடுத்தார். பணம் எங்கிருந்து வந்தது? இன்னும் எழுதாத நாவல்களுக்குக் கான்ஸ்டபிளிடம் முன்பணமாக வாங்கியது. தலைப்புக்கூட வைக்கப்படாத நூலுக்கு விலை பேசி, அந்த விலையில் மரம் நட்டார். 1820இல் ‘ஸர்’ பட்டமும் வந்தது. ஒரு பரம்பரையை நிறுவிவிட வேண்டும் என்பதே அவர் கனவு.

இங்கே உண்டியல் வியாபாரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வணிகவியல் மாணவர்கள் பொறுத்தருள்க. கான்ஸ்டபிள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய தொகைக்கு ரொக்கம் தரமாட்டார். ஆறு மாதம், ஓராண்டு தவணையில் உண்டியல் எழுதிக்கொடுப்பார். அச்சகம் அதை வங்கியில் வட்டம் பிடித்துக் கொடுத்துப் பணம் பெறும். தவணை வரும்போது பணம் இல்லாவிட்டால் புதிய உண்டியல் எழுதிப் பழையதை அடைக்கும். இவ்வளவுடன் நின்றிருந்தாலும் பரவாயில்லை. கான்ஸ்டபிள் தம் பாதுகாப்புக்காக, தாம் கொடுத்த உண்டியல்களுக்கு ஈடாக அச்சகத்திடமிருந்து எதிர் உண்டியல்களை வாங்கி மேசை அறையில் பூட்டி வைத்திருந்தார். நெருக்கடி வந்தபோது அவற்றையும் சந்தையில் விற்றுவிட்டார். விளைவு என்ன? ஒரே தொகைக்கு இரண்டு முறை பொறுப்பு! நூறு பவுன் கடன் இருநூறாக நின்றது. இந்தக் கணக்கை ஸ்காட் ஒருநாளாவது உட்கார்ந்து பார்த்திருந்தால் இக்கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

1825 டிசம்பரில் லண்டன் பணச் சந்தை ஆட்டங்கண்டது. வங்கிகள் பல கதவைச் சாத்தின. கான்ஸ்டபிளின் லண்டன் முகவர்களான ஹர்ஸ்ட் ராபின்சன் நிறுவனம் தடுமாறியது. ஸ்காட் அப்போதும் அபட்ஸ்ஃபர்டை அடமானம் வைத்து 10,000 பவுன் வாங்கி முட்டுக் கொடுத்துப் பார்த்தார். அதுவும் வெள்ளத்தில் போயிற்று. 1826 ஜனவரி நடுவில் லண்டன் நிறுவனம் விழுந்தது. அதன்மேல் சாய்ந்திருந்த கான்ஸ்டபிள் விழுந்தார். அவர்மேல் சாய்ந்திருந்த பாலன்டைன் அச்சகம் விழுந்தது. அச்சகத்தின் கடன் ஏறத்தாழ 1,17,000 பவுன். அடமானத் தொகையையும் சேர்த்தால் இன்னும் மேலே. அத்தனைக்கும் ஸ்காட் பொறுப்பு. அப்போது அவருக்கு வயது 54.

சில நாள் கழித்து நீதிமன்றத்துக்குப் போனபோது, எல்லோரும் தம்மையே பார்ப்பதாக அவருக்குத் தோன்றியதாம். கடன்பட்டவர் எவருக்கும் கடைத்தெருவில் நடக்கும்போது தோன்றுவதுதான்.

இனி அவர் முன் இருந்த வழிகள் யாவை? இதுதான் கதையின் முடிச்சு. அந்நாளில் ஸ்காட்லாந்தில் கடன்காரனைச் சிறையில் தள்ளலாம். ஆனால் அதற்கு ஒரு வேடிக்கையான முறை இருந்தது. கடனைக் கட்டுமாறு அரசன் பெயரால் ஆணை பிறக்கும். கட்டாவிட்டால் பொது இடத்தில் மும்முறை கொம்பு ஊதி அவனை அரசனுக்கு எதிரான கலகக்காரன் என்று பறைசாற்றுவார்கள். பிறகு பிடித்துப் போவார்கள். ஆகவே கடனுக்காக எங்கள் நாட்டில் யாரையும் சிறையிடுவதில்லை, கலகத்துக்காகத்தான் சிறையிடுகிறோம் என்று ஒரு பாத்திரம் நகைச்சுவையாக விளக்குவதை ஸ்காட்டே 1816இல் ‘ஆன்டிக்வரி’ நாவலில் எழுதியிருந்தார். பத்தே ஆண்டில் அந்த நகைச்சுவை அவர் வாசலுக்கே வந்து நின்றது.

முதல் வழி, ஓடி ஒளிவது. எடின்பரோவில் ஹோலிரூட் மடாலயத்தைச் சுற்றிய பகுதி கடன்பட்டோருக்குப் புகலிடம். அந்த எல்லைக்குள் அடைக்கலம் புகுந்தவரைப் பிடிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அச்சமின்றி வெளியே வந்து போகலாம். பின்னாளில் டி குவின்சி போன்ற எழுத்தாளரே அங்கே ஒளிந்து வாழ்ந்திருக்கிறார். இரண்டாவது வழி, சட்டப்படி திவால் ஆவது. நம் ஊரில் மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்போமே, அதுபோன்றது. இந்த வழி வணிகருக்கு மட்டுமே திறந்திருந்தது. அச்சகக் கூட்டாளி என்ற முறையில் ஸ்காட்டுக்கும் அது கிட்டும். உள்ளதையெல்லாம் ஒப்படைத்துவிட்டால் அதைக் கடன் கொடுத்தவர்கள் விகிதப்படி பங்கிட்டுக்கொள்வார்கள். மீதிக் கடனிலிருந்து விடுதலை பெறலாம். அதன்பின் எழுதிச் சம்பாதிப்பது முழுதும் அவருக்கே. நாவல் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கியவருக்கு இதைவிட லாபமான வழி வேறு உண்டோ? சட்டம் தெரிந்த அவருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

மூன்றாவது வழி, கடன் கொடுத்தவர்களோடு பேசி, சொத்தையும் வருங்கால உழைப்பையும் சில டிரஸ்டிகளிடம் ஒப்படைத்து, முழுக் கடனையும் காலப்போக்கில் அடைப்பது. ஸ்காட் தேர்ந்தது இதையே. தமக்கு வேண்டியது கால அவகாசம் ஒன்றே என்றார். எடின்பரோ வீடு விற்பனைக்குச் சென்றது. இனி எழுதும் நூல்களின் வருவாய் அனைத்தும் டிரஸ்டிகளுக்கு. ஷெரீஃப் ஊதியமும் நீதிமன்ற ஊதியமும் மட்டும் அவர் குடும்பச் செலவுக்கு. அபட்ஸ்ஃபர்டில் வாடகையின்றிக் குடியிருக்கலாம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஸ்காட்டைப் பற்றி எழுதும் பலர் அவரைப் புடம் போட்ட பொன்னாகவே காட்டுவர். ஆனால் வீழ்ச்சிக்கு ஓராண்டு முன்புதான், 1825 தொடக்கத்தில், மூத்த மகனின் திருமணத்தின்போது அபட்ஸ்ஃபர்டை அவன் பெயருக்கு எழுதி வைத்திருந்தார். அதனால் மாளிகை கடன் கொடுத்தவர்களின் கைக்கு எட்டவில்லை. அவர்களுள் சிலர் அந்தப் பத்திரத்தையே எதிர்த்து வழக்காட எண்ணினர். திவால் வழியில் போயிருந்தால் அந்த வழக்கு வந்தே தீர்ந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஆகவே டிரஸ்டு ஏற்பாடு வெறும் தியாகம் மட்டுமன்று. அதில் அவருக்கும் ஒரு பாதுகாப்பு இருந்தது. மகனுக்கு எழுதியபோது வீழ்ச்சி வரும் என்று அவர் அறிந்திருந்தார் என்பதற்குச் சான்றில்லை. எனினும் கடன் கொடுத்தவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர்களின் சினமும் நியாயமே.

உதவி செய்ய முன்வந்தோர் பலர். பெயர் சொல்லாத ஒருவர் 30,000 பவுன் தர முன்வந்தார். ஸ்காட்டின் பெண்களுக்கு முன்பு யாழ் கற்றுக்கொடுத்த ஏழை ஆசிரியர் ஒருவர் ஐந்நூறு, அறுநூறு பவுன் அனுப்புவதாகச் சொன்னார். அநேகமாக அவர் வாழ்நாள் சேமிப்பே அவ்வளவாகத்தான் இருந்திருக்கும். ஸ்காட் எல்லோருக்கும் நன்றி கூறி மறுத்துவிட்டார்.

எழுத உட்கார்ந்தார். செய்தி வந்த அதே வாரத்தில் ‘உட்ஸ்டாக்’ நாவலின் அத்தியாயங்கள் தொடர்ந்தன. அது முடிந்ததும் 8,000 பவுனுக்கு மேல் கிடைத்தது. அத்தனையும் டிரஸ்டிகளுக்கு. நெப்போலியனின் வாழ்க்கை வரலாற்றை ஒன்பது தொகுதிகளாக எழுதினார். அது 1827இல் வெளியாகி 18,000 பவுன் ஈட்டியது. இதற்கிடையே 1826 மே மாதம் மனைவி சார்லட் அபட்ஸ்ஃபர்டில் காலமானார். அப்போது ஸ்காட் எடின்பரோவில் மூட்டைப் பூச்சி நிறைந்த வாடகை அறையில் தங்கி நீதிமன்றம் போய்வந்துகொண்டிருந்தார். வேலைக்குப் போனால்தான் ஊதியம்! செய்தி கேட்டு ஓடினார். அடக்கம் செய்துவிட்டு மீண்டும் அதே அறைக்குத் திரும்பி எழுதலானார்.

1827 பிப்ரவரியில் எடின்பரோவில் நடந்த ஒரு விருந்தில், ‘வேவர்லி’ நாவல்களை எழுதியவர் தாமே என்று முதன்முறையாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். திவாலுக்குப் பின் கணக்குப் புத்தகங்கள் பலர் கைக்குப் போய்விட்டன. இனி மறைத்துப் பயனில்லை. அதே ஆண்டில் எழுதிய ‘மருத்துவரின் மகள்’ என்ற கதையில் நம் சென்னைக் கோட்டையும் மைசூரும் ஹைதர் அலியும் திப்புவும் வருகின்றனர். இந்தியாவைக் கண்ணால் காணாதவர் அவர். படைப்பணியில் இங்கே இருந்து திரும்பிய அண்டை வீட்டுக் கர்னல் ஃபெர்குசனிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். கதை அவ்வளவு சிறப்பில்லை என்பதே என் கருத்து. ஆனால் எடின்பரோக் கடனை அடைக்கச் சென்னைப் பட்டணமும் ஒரு கைகொடுத்தது என்று எண்ணுகையில் சிறிது மகிழ்ச்சி உண்டாகிறது.

டிரஸ்டு ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. அதில் கையெழுத்திடாத கடன்காரரை அது கட்டுப்படுத்தாது. 1827இன் பிற்பகுதியில் லண்டன் உண்டியல் வியாபாரி ஒருவர், தமக்கு வரவேண்டிய சுமார் 2,000 பவுனை உடனே கட்டாவிட்டால் சிறை என்று மிரட்டினார். அவர் ஒருவருக்கு மட்டும் முழுத் தொகையைக் கொடுத்தால் மற்றவர்களுக்குத் துரோகம். கொடுக்காவிட்டால் சிறை. ஸ்காட் ஹோலிரூட்டுக்குப் போய் ஒளிய மூட்டை கட்டத் தொடங்கினார். தள்ளி வைத்த முதல் வழியே மீண்டும் எதிரே வந்து நின்றது! திடீரென்று ஒருநாள் அந்தத் தொல்லை நீங்கிற்று. எப்படி என்று அப்போது அவருக்குத் தெரியாது. பணத்தைத் தம் சொந்தக் கையிலிருந்து இரகசியமாகக் கட்டியவர் ஸர் வில்லியம் ஃபோர்ப்ஸ். ஆம், வில்லியமினாவை மணந்த அதே ஃபோர்ப்ஸ்தான்! வில்லியமினா அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டாள். ஃபோர்ப்ஸின் வங்கியே ஸ்காட்டுக்குக் கடன் கொடுத்தவற்றுள் ஒன்று. கொடுத்த கடனுக்கு மேலும் கையிலிருந்து போட்டு, கடன்பட்டவரைக் காத்த அந்த மனிதரை என்னென்று சொல்வது!

1827 டிசம்பரில் முதல் பங்கீடு நடந்தது. பவுனுக்கு ஆறு ஷில்லிங். ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங் என்பதை நினைத்துக்கொண்டால், இரண்டே ஆண்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அடைந்துவிட்டது. அதே வீழ்ச்சியில் திவாலான கான்ஸ்டபிளின் கடனுக்குப் பவுனுக்கு இரண்டு ஷில்லிங் ஒன்பது பென்ஸும், லண்டன் நிறுவனத்தின் கடனுக்கு ஒன்றேகால் ஷில்லிங்குமே தேறின. அடுத்து, பழைய நாவல்களையெல்லாம் ஆசிரியரின் புதிய முன்னுரைகளோடும் குறிப்புகளோடும் மாதம் ஒரு தொகுதி, விலை ஐந்து ஷில்லிங் என்று வெளியிடும் திட்டம் 1829 ஜூனில் தொடங்கியது. பதிப்பாளர் கேடல். மாதம் 35,000 படிகள் வரை விற்றன. கடன் மளமளவென்று குறையலாயிற்று.

உடல் அதைவிட வேகமாகக் குறைந்தது. 1830 பிப்ரவரியில் பக்கவாதம் தாக்கியது. மருத்துவர் எழுதாதே என்றார். அடுப்பில் வைத்த பாத்திரம் கொதிக்காமல் இருக்குமா? விரல்கள் விறைத்தபின் லெய்ட்லா என்ற நண்பர் எழுத, இவர் சொன்னார். 1830 டிசம்பரில் மேலும் மூன்று ஷில்லிங் பங்கீடு நடந்தது. அன்று கடன் கொடுத்தவர்கள் கூடி, அபட்ஸ்ஃபர்டில் இருந்த நூலகத்தையும் ஓவியங்களையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஸ்காட்டுக்கே திருப்பி அளித்தனர். கடன் கொடுத்தவர் கடன்பட்டவருக்குப் பரிசளித்த செய்தியை நான் வேறெங்கும் படித்ததில்லை. அன்று மீதமிருந்த கடன் சுமார் 54,000 பவுன்.

1831இல் அரசு அவருக்காகப் ‘பார்ஹம்’ என்னும் போர்க்கப்பலைத் தந்து மத்தியதரைக் கடலுக்கு அனுப்பியது. மால்டா சென்றார், நேப்பிள்ஸ் சென்றார். அறிவு மங்கத் தொடங்கியிருந்தது. கடனெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நம்பலானார்! மகிழ்ச்சியோடு அதைப் பற்றிப் பேசினார். உடனிருந்தோர் உண்மையைச் சொல்லவில்லை. சொல்ல யாருக்கு மனம் வரும்? திரும்பும் வழியில் மீண்டும் வாதம் தாக்கியது. 1832 ஜூலையில் நினைவு தப்பியும் தெளிந்தும் அபட்ஸ்ஃபர்டு வந்து சேர்ந்தார். ஒருநாள் பேனா கேட்டார். கையில் வைத்தார்கள். விரல்கள் மூடவில்லை, பேனா நழுவி விழுந்தது. செப்டம்பர் 21ஆம் நாள் உயிர் நீத்தார். வயது 61.

யார் குற்றம் என்ற வழக்கு அவர் மறைந்தபின்னும் ஓயவில்லை. வரலாறு எழுதிய மருமகன் லாக்ஹார்ட், பாலன்டைன் சகோதரர்கள்மேல் பழி போட்டார். பாலன்டைன் தரப்பினர் மறுத்து நூல் வெளியிட்டனர். அச்சகத்தின் பணம் அபட்ஸ்ஃபர்டின் நிலத்துக்குத்தான் போயிற்று என்றனர். இரு தரப்பையும் படித்தால் பின்னவர் பக்கமே உண்மை கூடுதல் என எனக்குப் படுகிறது. ஸ்காட்டை வாய்க்கு வந்தபடி ஏசியவர் மார்க் ட்வைன். அவரும் 1894இல் பதிப்பகம் நடத்தித் திவாலாகி, உலகெங்கும் சொற்பொழிவாற்றி, இந்தியாவுக்கும் வந்து சம்பாதித்து, சட்டம் கேட்காத பாக்கியையும் கட்டி முடித்தார். ஏசியவரின் வழியிலேயே அவரும் நடக்க நேர்ந்ததை என்ன சொல்ல!

ஸ்காட் இறந்தபோது அவர் பெயரில் 22,000 பவுனுக்கு ஆயுள் காப்பு இருந்தது. மீதிக்கு நாவல்களின் உரிமையை ஈடாகக் கொண்டு கேடல் 30,000 பவுன் கொடுத்தார். 1833 பிப்ரவரியில் பழைய கடன் கொடுத்தவர்கள் அனைவரும் தங்கள் பணத்தைப் பெற்றுக்கொண்டனர். கேடலுக்கான பாக்கியும் அபட்ஸ்ஃபர்டின் அடமானமும் மட்டும் நின்றன. நூல்கள் விற்றுக்கொண்டே இருந்தன. யாருக்காக அபட்ஸ்ஃபர்டு எழுதி வைக்கப்பட்டதோ அந்த மகன், இரண்டாவது ஸர் வால்ட்டர், 15ஆம் ஹுஸ்ஸார் குதிரைப்படையின் தலைவராகப் பெங்களூரில் பணியாற்றினார். உடல் நலிந்து தாயகம் திரும்பும் வழியில், 1847 பிப்ரவரி 8ஆம் நாள் நன்னம்பிக்கை முனையை ஒட்டிக் கப்பலிலேயே இறந்தார். பிள்ளைகள் இல்லை. பட்டம் அவரோடு முடிந்தது. அதே ஆண்டு, எஞ்சிய நூலுரிமைகளையெல்லாம் கேடலிடம் ஒப்புவித்துக் கணக்கைத் தீர்த்தார்கள். அபட்ஸ்ஃபர்டு அடமானத்திலிருந்து மீண்டு, லாக்ஹார்ட்டின் மகன் கைக்குப் போயிற்று.